பள்ளத்தில் பாதி, மேட்டில் பாதி: ஒரு செட்டிநாட்டு வீட்டின் அடிமண் கணக்கு

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு நகரத்தார் ஊர். அதன் மேற்கு ஓரத்தில் தரைத்தளமும் மாடியுமாக ஒரு கான்கிரீட் பிரேம் வீடு. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர், ஓய்வுக்குப் பிறகு வந்து இருக்கலாம் என்று கட்டியது. ஆவணியில் கிரகப்பிரவேசம் நடந்தது. தையில் கூடத்துச் சுவரில் மயிரிழைக் கோடு ஒன்று தெரிந்தது. பங்குனிக்குள் அந்தக் கோட்டில் நாணயம் நுழைந்தது. மேற்கு அறைக் கதவு நிலையில் உரசத் தொடங்கியது. அடுத்த ஆவணியில் மண் ஆய்வு செய்யும் எங்களைக் கூப்பிட்டபோது விரிசல் மேல்நுனியில் 6 மி.மீ. அகலமும் கீழே 1 மி.மீ.க்குக் குறைவாகவும் இருந்தது.

அதற்குள் ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டார்கள். பூச்சு காய்ந்த விரிசல்தான், பட்டி பார்த்தால் போய்விடும் என்றார் ஒப்பந்தக்காரர். கம்பி குறைத்துவிட்டார்கள் என்றது உறவு வட்டாரம். ஈசானி மூலையில் செப்டிக் டேங்க் இருக்கிறதே என்று கேட்டவர்களும் உண்டு. வீட்டுக்காரர் போனில் கேட்டது ஒன்றுதான்: "சார், இறங்கினது இறங்கிப்போச்சு. இன்னும் எவ்வளவு இறங்கும்?" மற்ற காரணங்களையெல்லாம் விட இந்தக் கேள்விதான் சரியான கேள்வி. இந்த ஆய்வு முழுக்க அதற்கான பதில்தான்.

விரிசல் சொன்னது

பூச்சு விரிசல் வலைப்பின்னலாகப் படரும், ஆழம் போகாது. இது செங்கல்லையும் சேர்த்துப் பிளந்திருந்தது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, மேல்நுனி மேற்குப் பக்கம் பார்த்து நின்றது. தூண்களுக்கு நடுவே உள்ள சுவர்ப்பலகத்தின் ஒரு பக்கம் கீழே இறங்கினால் விரிசல் இறங்கிய பக்கத்தை நோக்கித்தான் ஏறும். மேலே அகன்று கீழே ஒடுங்கினால், கட்டடம் நடுவில் தொய்யவில்லை, ஓரம் தாழ்ந்து முதுகு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆக மேற்கு ஓரம் தாழ்கிறது. கம்பியில் குறை இருந்தால் பீமிலோ தளத்திலோ அடையாளம் தெரிய வேண்டும், அங்கே ஒன்றுமில்லை.

அடுத்த சந்தேகம் உப்பிச் சுருங்கும் களி. மழைக்கு ஊதி, வெயிலுக்கு வற்றும் மண்ணில் விரிசல் பருவத்தோடு திறந்து மூடும். இங்கே வீட்டுக் காவலாளி, நாங்கள் யாரும் சொல்லாமலே, விரிசலின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருந்தார். நல்ல மனிதர். தை மாத ஈரத்திலும் விரிந்திருக்கிறது, சித்திரை வெயிலிலும் விரிந்திருக்கிறது; ஒரு முறைகூட மூடவில்லை. ஒரே திசையில் போகிறது, போகப்போக வேகம் குறைகிறது. களி இறுகும்போது இறக்கம் இப்படித்தான் நடக்கும்.

இதைவிடத் தெளிவாகப் பேசியது தரை. கூடம் முழுக்க ஆத்தங்குடிக் கல் பாவியிருந்தார்கள். கற்களின் இணைப்பு ஒரு வரிசையில் வாய் திறந்திருந்தது. அந்த வரிசை சுவருக்கு இணையாக ஓடவில்லை. கூடத்தைச் சாய்வாக வெட்டிக்கொண்டு பூஜை அறை வாசலில் தொடங்கி, மாடிப்படியின் அடியில் முடிந்தது. அதற்கு மேற்கே கல்லைத் தட்டினால் 'டொக் டொக்'கென்று பொள்ளல் ஓசை, கிழக்கே கெட்டி ஓசை. வீட்டின் எந்த அமைப்போடும் பொருந்தாத அந்தச் சாய்கோடு தரைக்குக் கீழே உள்ள எதனுடையதோ என்று தோன்றியது. மேஸ்திரி மட்டம் பிடிக்கும் தண்ணீர் டியூபை வைத்துக் கூடத்துக்கு வெளியே, சுவரின் அடியில் கடைசியாக மட்டம் பார்த்துப் பூசிய பிளிந்த் பட்டையின் மேல்விளிம்பைச் சுற்றிலும் அளந்தோம். கிழக்குப் பாதி ஏறக்குறைய ஒரே மட்டம். மேற்குக் கடைசித் தூணில் 35 மி.மீ. தாழ்வு.

பள்ளத்து வயல்

பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்டபோது விஷயம் உடைந்தது. "எங்க ஐயா காலத்துல அது பள்ளத்து வயலு தம்பி. ஐப்பசி கார்த்திகையில முழங்கால் தண்ணி கெடக்கும். பங்குனியில பாத்தா கால் போற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கும். வரப்பு இந்தா, இப்ப அவுக மாடிப்படி இருக்குல்ல, அங்கனதான் போகும்." கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால் ஒதுங்கித் தேங்கிய தாழ்வு அது. பிற்பாடு சாகுபடி நின்று, மனை போட்டபோது சாலை மட்டத்துக்குக் கிராவல் கொட்டி நிரவியிருக்கிறார்கள். ஆச்சியின் மூன்றாம் வாக்கியம் எங்களுக்கு எவ்வளவு பயன்பட்டது என்பது கீழே தெரியும்.

செட்டிநாட்டு மண்ணின் சிக்கலே இதுதான். மேடெல்லாம் செம்மண்ணும் செம்புறாங்கல்லும். கடப்பாரை பட்டால் தெறிக்கும். அதையே வெட்டியெடுத்துச் சுவர் கட்டும் அளவுக்கு உறுதி. ஆனால் மேட்டுக்கு மேடு நடுவே கண்மாயும் ஊருணியும் வரத்துக்காலுமாகத் தாழ்வுகள். மழை அரித்துக் கொண்டுவந்த நுண்மண் அங்கே தலைமுறை தலைமுறையாகப் படிந்து களியாகக் கிடக்கும். நூறு அடி தள்ளினால் மண் மாறிவிடும். அகலமான பழைய வளவு வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் இத்தகைய அசைவைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், காரை மெல்ல நெகிழும். சிமெண்ட் கலவைச் சுவர் அப்படி விட்டுக்கொடுக்காது.

கட்டுமுன் மண் பரிசோதனை நடந்ததா என்றால், நடந்தது. ஒரே ஒரு குழி, அதுவும் கிழக்குப் பக்கம். கீழே செம்புறாங்கல் தட்டியது. தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 15 டன் என்று எழுதி, வீட்டுத் தூண்களுக்கெல்லாம் அதையே எடுத்துக்கொண்டார்கள். மேற்கில் ஒரு தூணின் சுமை சுமார் 25 டன், அடிக்கட்டு, அதாவது தூணின் கீழே உள்ள கான்கிரீட் பாதம், 1.5 மீட்டர் சதுரம். அழுத்தம் 11 டன். 15க்குள் அடங்கிவிட்டது, பிரச்சினை இல்லை என்று போய்விட்டார்கள். தாங்குதிறன் என்பது மண் வழுக்கி நொறுங்குமா என்பதற்கான பதில். மண் நொறுங்காமலேயே ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டிருக்கலாம். அதற்குத் தனிக் கணக்கு. நம் பக்கத்தில் சின்ன வீடுகளுக்கு அந்த இரண்டாவது கணக்கை யாரும் போடுவதில்லை. மண் பரிசோதனை அறிக்கையில் ஒரு எண் கிடைத்தால் போதும் என்றாகிவிட்டது.

துளையிட்டதில் கண்டது

மேற்கு மூலையில் போட்ட துளையில் மேலே 2 மீட்டர் கிராவல் நிரப்பு. டிப்பரில் கொட்டிப் பரப்பியதே தவிர உருளை ஓட்டியதாகத் தெரியவில்லை, எஸ்.பி.டி. எண்ணிக்கை (குழாயை மண்ணில் 30 செ.மீ. இறக்கத் தேவைப்படும் சம்மட்டி அடிகள்; குறைந்தால் மண் மெத்து) 4 முதல் 6. அதன் கீழே 3 மீட்டர் சாம்பல் நிறக் களி. எண்ணிக்கை 2, 3. அப்புறம் சரளையோடு சிதைந்த செம்புறாங்கல், 50ஐத் தாண்டியது. கிழக்கே போகப்போகக் களியின் தடிமன் குறைந்து, ஏறக்குறைய 8 மீட்டரில், ஆச்சி சொன்ன வரப்பை ஒட்டி, இல்லாமலே போகிறது. அதாவது இரண்டு தூண் இடைவெளிக்குள் 3 மீட்டர் களியிலிருந்து வெறும் கல்லுக்குத் தாவுகிறது அஸ்திவாரம். மொத்த வீடும் களியில் இருந்திருந்தால் சேர்ந்து இறங்கியிருக்கும், சுவருக்கு இவ்வளவு கேடு வந்திருக்காது.

களியை ஷெல்பி என்ற மெல்லிய குழாயில் கலையாமல் எடுத்து, ஆய்வகத்தில் அழுத்திச் சுருக்கத்தை அளக்கும் ஓடோமீட்டரில் வைத்தோம். வில்லை 20 மி.மீ. தடிமன், மேலும் கீழும் நுண்துளைக் கல், பாரத்தைப் படிப்படியாக இரட்டித்து ஒவ்வொரு படியும் ஒரு நாள். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2720இன் 15ஆம் பகுதி சொல்லும் வழக்கமான முறை.

நடப்பது என்ன? தயிரைத் துணியில் கட்டி மேலே கல்லை வைத்தால் நீர் உடனே கொட்டாது, கசிந்து கசிந்துதான் வரும். வந்த அளவுக்குத்தான் கட்டி சுருங்கும். நனைந்த களியிலும் புதுப் பாரத்தை முதலில் தாங்குவது துகள்களுக்கு இடையில் உள்ள நீர்தான். நீர் வெளியேற வெளியேறப் பாரம் துகள்களுக்குக் கைமாறுகிறது, களி இறுகுகிறது, மேலே உள்ளது இறங்குகிறது. இதை மண் பொறியாளர் கார்ல் டெர்சாகி 1920களில் கணக்காக்கினார். இன்றுவரை அந்தச் சமன்பாட்டைத்தான் போடுகிறோம்.

எங்கள் களியில் கிடைத்தவை: தொடக்க வெற்றிட விகிதம் (துகள்களின் கன அளவைப்போல் இடைவெளி எத்தனை மடங்கு என்பது) 1.2, இறுக்கக் குறியெண் (பாரம் கூடினால் எவ்வளவு சுருங்கும் என்பது) 0.38. நீர்ம எல்லை, அதாவது களி குழம்பாகும் ஈரச் சதவீதம், 55. நீர்ம எல்லையிலிருந்து இறுக்கக் குறியெண்ணைக் காண ஸ்கெம்ப்டன் என்ற மண் பொறியாளர் தந்த தோராய வாய்பாட்டில் போட்டால் 0.40 வருகிறது, ஆக ஆய்வக எண்ணை நம்பலாம். ஆனால் முக்கியமான எண் வேறு. பாரத்துக்குச் சுருக்கம் காட்டும் வரைபடத்தில் கோடு சதுர மீட்டருக்கு 4 டன் வரை கிட்டத்தட்டப் படுத்தபடி போய், அதற்குப் பிறகு செங்குத்தாகச் சரிந்தது. 4 டன்னுக்குள் குறியெண் வெறும் 0.05தான். களியின் நடுமட்டத்தில் வயல் காலத்து அழுத்தமோ 1.1 டன். அப்படியிருக்க இந்தக் களி 4 டன்னை எப்போது பார்த்தது? பங்குனியில் வெடித்துக் கிடந்ததே, அப்போது. வெயிலில் காயும் களி தன்னைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும். அந்த உறிஞ்சு விசை பாரம் வைத்ததற்குச் சமம். ஒவ்வொரு கோடையும் களியை 4 டன்னுக்குப் பழக்கியிருக்கிறது. அந்த எல்லைக்குள் எது வந்தாலும் களி அசட்டையாக வாங்கிக்கொள்ளும். எல்லை தாண்டினால் ஏழெட்டு மடங்கு மெத்தென்று போகும்.

யார் வைத்த பாரம்?

இப்போது கணக்கு. 2 மீட்டர் கிராவல் சதுர மீட்டருக்கு 3.6 டன். அது மனை முழுக்க விரிந்து கிடப்பதால் ஆழத்தில் குறைவதே இல்லை. களியின் அடிவரை முழுசாகப் போய்ச் சேரும். நடுமட்ட அழுத்தம் 1.1இலிருந்து 4.7 ஆகிறது. முதல் 4 டன் வரை 38 மி.மீ. இறக்கம், மிச்சம் 0.7 டன்னுக்கு மட்டும் 36 மி.மீ. ஆக நிரப்பு மட்டுமே 74 மி.மீ.

வீட்டின் பங்கு? தூணின் 25 டன் அடிக்கட்டிலிருந்து கீழே விரிந்து இறங்குகிறது. 2.3 மீட்டர் கீழே, களியின் நடுவில், சதுர மீட்டருக்கு 1.7 டன்தான். கிராவலின் பாதிகூட இல்லை. ஆனால் களி ஏற்கெனவே 4.7இல் நிற்கிறது, எல்லையைத் தாண்டியாகிவிட்டது. அதனால் இந்த 1.7 டன் 69 மி.மீ. இறக்கம் தருகிறது. நிரப்பே இல்லாமல் இதே 1.7 டன் மட்டும் வந்திருந்தால்? 2.8 டன்னில் நின்றிருக்கும், பழகிய எல்லைக்குள். இறக்கம் 28 மி.மீ. தாண்டாது. கிராவல் தன் பங்குக்கு இறக்கியதோடு நிற்கவில்லை. களியிடம் இருந்த தாங்கும் மிச்சத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, வீட்டை மெத்தென்ற பக்கத்தில் உட்காரவைத்துவிட்டது. வீட்டின் எடையை ஒவ்வொரு செங்கல்லாகக் கணக்கிடுகிறோம். டிப்பர் டிப்பராகக் கொட்டும் கிராவலைப் பாரம் என்றே நினைப்பதில்லை, அதை 'மட்டம்' என்கிறோம். இந்த வீட்டின் கோளாறு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

மொத்தம் 143 மி.மீ. ஐ.எஸ். 1904, களியில் தனித்தனி அடிக்கட்டுகளுக்கு 75 மி.மீ. வரை அனுமதிக்கிறது, தூணுக்குத் தூண் வேறுபாடு இடைவெளியின் 0.0015 மடங்கு, அதாவது 8 மீட்டருக்கு 12 மி.மீ. எல்லாம் தாண்டிவிட்டது. அப்படியானால் வீடு ஏன் விழவில்லை? இறக்கத்தில் பெரும்பகுதி பூச்சும் தரையும் முடியுமுன்பே நடந்துவிட்டது. கொத்தனார் ஒவ்வொரு வரியிலும் மட்டம் பார்த்துத் தனக்குத் தெரியாமலே சரிசெய்துகொண்டே போயிருப்பார். விரிசலை உண்டாக்கியது முடித்த பிறகு வந்த பகுதி மட்டுமே.

இன்னும் எவ்வளவு?

இங்கேதான் காலக் கணக்கு வருகிறது. ஆய்வக வில்லையில் 90 சதவீத இறுக்கத்துக்கு 45 நிமிடம் ஆயிற்று. நீர் வெளியேற வேண்டிய தூரம் அதில் 10 மி.மீ. வயலில் மேலே கிராவல், கீழே சரளை, இரு பக்கமும் நீருக்கு வழி உண்டு. ஆக தூரம் 1.5 மீட்டர், 150 மடங்கு. காலம் தூரத்தின் வர்க்கத்தில் போகும்: 22,500 மடங்கு. 45 நிமிடம் ஏறக்குறைய 1.9 ஆண்டாகிறது. கீழே சரளை இல்லாமல் கெட்டிப் பாறையாக இருந்து ஒரு பக்கம் அடைத்திருந்தால் அதுவே ஏழரை ஆண்டுக்கு மேல்.

கிராவல் கொட்டியது வைகாசியில், வானம் தோண்டியது ஆவணியில். மூன்று மாதத்தில் நிரப்பின் இறக்கம் 38 சதவீதம்தான் முடிந்திருக்கும். அடுத்த ஆவணியில் குடிபுகும்போது நிரப்பில் 15 மி.மீ.யும் வீட்டுப் பாரத்தில் 33 மி.மீ.யும் பாக்கி. அங்கிருந்து ஓராண்டில் இரண்டும் சேர்ந்து 32 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும். தண்ணீர் டியூப் காட்டியது 35. மண் கணக்கில் இப்படிப் பொருந்துவது அபூர்வம். கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு என்றே எடுத்துக்கொண்டோம், காரணம் உருட்டாத கிராவலும் மழையில் நனைந்து தன்னளவில் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். கூடத்துக் கற்கள் பொள்ளலானது அதனால்தான்.

பாக்கி 16 மி.மீ. வீட்டுக்காரரின் கேள்விக்கு இதுதான் பதில். அதில் பெரும்பகுதி அடுத்த ஓராண்டில் வந்துவிடும். பிறகு மெல்லிய தவழ்வு நீளும், களி இறுகி முடிந்த பிறகும் துகள்கள் கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் சுவரைப் பிளக்கும் அளவு அல்ல.

ஒப்பந்தக்காரர் நுண்கம்பப் பைல் (களியைத் தாண்டிக் கல்வரை இறக்கும் மெல்லிய கம்பம்) போடலாம் என்று மதிப்பீட்டோடு வந்திருந்தார். வேண்டாம் என்றோம். பெரும்பகுதி இறங்கி முடிந்த வீட்டுக்கு, மிச்சம் 16 மி.மீ.க்காக அடியில் துளையிட்டுக் களியைக் கலைப்பது கேட்டு வாங்கும் வம்பு. மேலும், இறங்கிக்கொண்டிருக்கும் நிரப்பு பைலையும் தன்னோடு கீழே இழுக்கும். அந்தக் கூடுதல் சுமை அவர் மதிப்பீட்டில் எங்கும் இல்லை. களிக்கு நேரம் கொடுப்பது புதிதல்ல. பீசா கோபுரம் 1173இல் தொடங்கிச் சில தளங்களோடு நூறாண்டு அளவுக்கு நின்றுபோனது. அந்த இடைவெளியில் களி இறுகியிருக்காவிட்டால் கோபுரம் அன்றே சரிந்திருக்கும் என்பது மண் பொறியாளர்களின் கருத்து.

செய்யச் சொன்னவை சில. மேற்குப் பக்க மொட்டைமாடியில் வைக்க இருந்த 5,000 லிட்டர் தொட்டியைக் கிழக்கே கல்மேல் உள்ள தூண்களுக்கு மாற்ற வேண்டும். 5 டன் என்பது ஒரு தூணின் சுமையில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டாம் மாடி யோசனையைக் கைவிட வேண்டும். விரிசலின் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒட்டி, உடையும் தேதியைக் குறிக்க வேண்டும். அது நின்ற பிறகே விரிசலை வி-வடிவில் கொத்தி வலை வைத்து அடைக்கலாம். கூடத்தின் மேற்குப் பகுதித் தரையைப் பிரித்து, கிராவலை நனைத்துத் திமிசு போட்டு மறுபடி பாவ வேண்டும். நிலத்தடி நீரைப் பற்றியும் சொன்னோம்: நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் களிக்கு ஏறக்குறைய ஒரு டன் கூடுதல் பாரம். மனையிலேயே போர் போட்டு இறைப்பதைவிட, கூரைத் தண்ணீரைக் கிழக்குப் பக்கத் தொட்டியில் பிடிப்பது நல்லது.

முன்கூட்டியே கேட்டிருந்தால் என்ன செய்திருக்கலாம்? வீட்டைப் பத்து மீட்டர் கிழக்கே தள்ளியிருக்கலாம், மனையில் இடம் இருந்தது. அதற்குத் தேவை ஒரு குழிக்குப் பதில் நாலு மூலையிலும் நாலு குழி. முடியாதென்றால், கிராவலை ஒரு மீட்டர் கூடுதலாகக் கொட்டி இரண்டு மழைக்காலம் விட்டு, பிறகு அந்த ஒரு மீட்டரை அள்ளிவிடலாம். அது 1.8 டன், வீட்டின் 1.7 டன்னுக்கு முன்கூட்டியே களியைப் பழக்கியிருக்கும். அள்ளிய கிராவலைப் பக்கத்து மனைக்காரர் காசு கொடுத்தே வாங்கியிருப்பார்.

பக்கத்து மனைக்காரர் என்றதும் ஒன்று. பள்ளத்தின் மிச்சப் பாதி அவருடையது. ஆய்வு முடியும் தறுவாயில் அவரும் கிராவல் இறக்கத் தொடங்கினார். நிரப்பின் ஓரத்துக்கு நேர்கீழே, முழு அழுத்தத்தில் பாதி விழும்: எல்லைச் சுவரின் அடியில் 1.8 டன், ஏறக்குறைய ஒரு புது வீட்டைச் சுவர்மேல் வைத்த மாதிரி. அதனால் சுவர் அவர் பக்கம் சாயும். ஒன்றரை மீட்டர் உள்ளே இருக்கும் மேற்குத் தூணுக்கு 0.3 டன்தான் போய்ச் சேரும், ஆனால் எல்லை தாண்டிய களிக்கு அதுவே 10 மி.மீ. இறக்கம். இருவரையும் உட்காரவைத்து இதைத் தாளில் போட்டுக் காட்டினோம். எல்லையை ஒட்டி 3 மீட்டர் நிரப்பாமல் விட்டால் தூணுக்குப் பாதிப்பு அநேகமாக இல்லை. அவர் அந்த 3 மீட்டரை வரத்துக்கால் தண்ணீர் போகும் வாய்க்காலாக விட்டுவிட ஒப்புக்கொண்டார். எல்லைச் சுவரைப் புதுக் கற்கட்டாக எழுப்பாமல் முள்கம்பி வேலியாகப் போடுவதென்று முடிவானது.